பாதுகாப்பின் பெயரால் அடைப்பு: அமெரிக்கச் சிறார் நீதியமைப்பில் சிறுமியர் (1825–2022)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறார் நீதியமைப்பு சிறுமியரை அடைத்துவைத்த வரலாற்றையும், அவ்வடைப்பைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட சட்ட, நிறுவனச் சீர்திருத்தங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. சிறுவர் பெரும்பாலும் செய்த குற்றத்திற்காக அடைக்கப்பட்டனர். சிறுமியரோ தமக்கு நேரக்கூடும் என அஞ்சப்பட்ட தீங்கைக் காரணங்காட்டி அடைக்கப்பட்டனர். இவ்வேறுபாடே கட்டுரையின் மையக் கருத்தாகும். 1825ஆம் ஆண்டின் நியூயார்க் புகலில்லம் முதல் 2022ஆம் ஆண்டின் ஹவாய் நிலைவரையிலான முதன்மைத் திருப்பங்கள் கால வரிசையில் ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு சீர்திருத்தமும் அடைப்பின் பெயரை மாற்றியதா, காரணத்தை மாற்றியதா என்னும் வினா மதிப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் நீதி, சிறுமியர், சீர்திருத்தப் பள்ளி, காப்பாளர் அரசுக் கொள்கை, வயதுநிலை மீறல், அடைப்பு நீக்கம்.

முன்னுரை

சிறை வரலாறு பற்றிய ஆய்வுகளில் ஆண்களே பெரிதும் பேசப்பட்டுள்ளனர். சிறார் சிறை வரலாற்றிலும் இதே நிலை நெடுங்காலம் நீடித்தது. அடைக்கப்பட்ட சிறாருள் சிறுமியரின் எண்ணிக்கை குறைவு என்பது இதற்குக் கூறப்படும் காரணமாகும். அண்மைக் கணக்கெடுப்புகளின்படியும் அமெரிக்கச் சிறார் நிலையங்களில் உள்ளோருள் சிறுமியர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. ஆயினும் எண்ணிக்கையின் சிறுமை பொருளின் சிறுமையாகாது. சிறார் நீதியின் அடிப்படைக் கொள்கையை வகுத்த முதல் பெருந்தீர்ப்பு ஒரு சிறுமியின் வழக்கில் எழுந்தது. சிறார் நீதிமன்றம் தோன்றிய நகரில் சிறுவரைவிடச் சிறுமியரே உயர்ந்த விகிதத்தில் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே சிறுமியரின் வரலாற்றை ஒரு கிளைக்கதையாக ஒதுக்காமல், அமைப்பின் உள்ளியல்பைக் காட்டும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

இக்கட்டுரை இரு வினாக்களை முன்வைக்கிறது. சிறுமியரைக் காப்பதற்கென எழுந்த இயக்கங்கள் அவர்களை அடைக்கும் நிறுவனங்களாக முடிந்தது எங்ஙனம்? அடைப்பைக் குறைக்க இயற்றப்பட்ட சட்டங்கள் எவ்விடத்தில் வெற்றியும் எவ்விடத்தில் தோல்வியும் கண்டன?

சொல்லாட்சி விளக்கம்

இக்கட்டுரையில் 'அடைப்பு' என்பது நீதிமன்றத்தின் அல்லது அரசு அலுவலரின் ஆணையால் சிறார் ஒருவர் வெளியேற இயலாத இடத்தில் வைக்கப்படுவதைக் குறிக்கும். அவ்விடம் பள்ளி, இல்லம், மையம் என எப்பெயர் பெற்றிருப்பினும் இவ்வரையறை பொருந்தும். வயதுவந்த ஒருவர் செய்தால் குற்றமாகாது, சிறார் செய்தால் மட்டும் மீறலாகக் கருதப்படும் செயல்கள் 'வயதுநிலை மீறல்' என இங்குக் குறிக்கப்படுகின்றன. வீட்டைவிட்டு ஓடுதல், பள்ளிக்குச் செல்லாதிருத்தல், பெற்றோர் சொல் கேளாமை, இரவு ஊரடங்கை மீறுதல் ஆகியன இவ்வகையின. பெற்றோர் பேணத் தவறும் குழந்தைக்கு அரசே பெற்றோராக நிற்கும் என்னும் ஆங்கிலேய நீதிமரபுக் கருத்து 'காப்பாளர் அரசுக் கொள்கை' எனப்படுகிறது.

பெயரிடல் இத்துறையில் தனிக்கவனம் பெறத்தக்கது. தமிழ்நாட்டில் விசாரணைக் காலத்தில் சிறார் தங்கவைக்கப்படும் இடம் 'கூர்நோக்கு இல்லம்' என வழங்கப்படுகிறது. இப்பெயரிலும் சிறை என்னும் சொல் விலக்கப்பட்டுள்ளது. அமெரிக்க வரலாற்றில் இவ்விலக்கம் வெறும் நாகரிகம் கருதியதாக நில்லாமல், சட்ட விளைவுகளையும் உண்டாக்கிற்று.

புகலில்லமும் கிரௌஸ் தீர்ப்பும்

வயதுவந்த கைதிகளோடு சிறாரையும் ஒருங்கே அடைக்கும் வழக்கத்திற்கு மாற்றாக, நியூயார்க் நகரில் 1825ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புகலில்லம் திறக்கப்பட்டது. தொடக்க நாளில் அங்கு ஆறு சிறுவரும் மூன்று சிறுமியரும் இருந்தனர். சிறுவர்க்குக் கைத்தொழிலும் சிறுமியர்க்குத் தையல், சலவை முதலிய வீட்டுப் பணிகளும் ஒதுக்கப்பட்டன. சிறுமியரின் உழைப்பு பெரும்பாலும் அந்நிறுவனத்தை நடத்துவதற்கே பயன்பட்டது. இவ்வில்லத்தைப் பின்பற்றிப் பாஸ்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் புகலில்லங்கள் எழுந்தன.

ஃபிலடெல்ஃபியா இல்லத்தில் அடைக்கப்பட்ட மேரி ஆன் கிரௌஸ் என்னும் சிறுமியின் வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. மகள் தம் கட்டுக்கு அடங்கவில்லை எனத் தாய் முறையிட்டதன்பேரில் அச்சிறுமி அடைக்கப்பட்டிருந்தாள். குற்றம் எதற்கும் அவள்மீது நடுவர்குழு விசாரணை நடைபெறவில்லை. இதனை எதிர்த்து அவள் தந்தை ஆட்கொணர்வு மனு அளித்தார். 1838–39ஆம் ஆண்டுக் காலத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பு அம்மனுவைத் தள்ளியது. புகலில்லம் சிறையன்று, பள்ளியே. ஆதலின் அங்கு வைத்திருத்தல் தண்டனையாகாது. பெற்றோர் கடமையில் தவறும்போது பொதுச் சமூகமே காப்பாளராக நிற்கலாம் என்பன அதன் சாரம்.

இத்தீர்ப்பின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. அடைப்பு தண்டனையாயின் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். தண்டனைக் காலம் வரையறுக்கப்பட வேண்டும். அடைப்பு கல்வியாயின் இவ்விரண்டும் தேவையில்லை. பெயர் மாறியவுடன் உரிமையும் மறைந்தது. பின்வந்த நூறாண்டுக்கும் மேலான சிறார் சட்டம் இவ்வடித்தளத்தின்மீதே எழுந்தது.

இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை ஒப்பிடுவதும் பயன் தரும். 1870ஆம் ஆண்டு ஓகானல் வழக்கில், குற்றம் செய்யாத ஒரு சிறுவனைச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தது தவறென அந்நீதிமன்றம் அவனை விடுவித்தது. வறுமையும் கவனிப்பாரின்மையும் அடைப்புக்குக் காரணமாகா என்பது அத்தீர்ப்பின் நோக்கு. 1882ஆம் ஆண்டு ஃபெரியர் வழக்கில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெண்கள் தொழிற்பள்ளிக்கு அனுப்பிய ஆணையை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. தொழிற்பள்ளி சிறையன்று என்னும் வாதம் இங்கு மீண்டும் ஏற்கப்பட்டது. இரு வழக்குகளுக்கும் இடையே நிறுவன அமைப்பிலும் சட்டத்திலும் வேறுபாடுகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் சிறுவன் விடுதலை பெற்ற அதே மன்றத்தில் சிறுமி பாதுகாப்பின் பெயரால் அடைக்கப்பட்டமை, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

லங்காஸ்டர்: குடும்ப வடிவிலான நிறுவனம்

சிறுமியர்க்கென்றே அமைந்த முதல் மாநிலச் சீர்திருத்தப் பள்ளி 1856ஆம் ஆண்டு மாசசூசெட்சு மாநிலத்தின் லங்காஸ்டர் ஊரில் திறக்கப்பட்டது. பெருங்கட்டடத்தில் ஒருங்கே அடைக்கும் முறையை விலக்கி, சிறுசிறு குடில்களில் சிறுமியரைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு குடிலுக்கும் தாய்நிலையில் ஒரு பெண் மேலாளரை அமர்த்தும் ஐரோப்பிய முறை இங்குப் பின்பற்றப்பட்டது. இப்பள்ளியின் ஆவணங்களை ஆராய்ந்து பார்பரா பிரென்செல் 1983இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முன்னோடி ஆய்வாகும். ஏழைக் குடும்பத்துச் சிறுமியரும் குடியேறிய பெற்றோரின் மகளிரும் அங்குப் பெருமளவில் இருந்தனர் என்பதையும், பெற்றோரே தம் மகளிரைக் கொண்டுவந்து ஒப்படைத்த நிகழ்வுகள் பல என்பதையும் அந்நூல் காட்டுகிறது. வேறு உதவி எதுவும் கிட்டாத குடும்பங்கள் நீதிமன்றத்தை நாடின. அரசிடம் அவற்றுக்குக் கிடைத்த ஒரே உதவி அடைப்பாக இருந்தது.

பள்ளியின் நோக்கம் சிறுமியரை நல்ல மனைவியராகவும் வீட்டுப் பணிப்பெண்களாகவும் ஆக்குதல். தொடக்கத்தில் குடும்ப அன்பால் திருத்துதல் என்னும் நம்பிக்கை மேலோங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுப்பாடும் வகைபிரித்தலும் அவ்விடத்தைப் பற்றின.

சிறார் நீதிமன்றமும் ஒழுக்கக் கண்காணிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி இருபதாண்டுகளில் பெண்கள் இயக்கங்கள் பாலுறவு இசைவு வயதை உயர்த்தப் போராடின. அக்காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் அவ்வயது 10 அல்லது 12 ஆக இருந்தது. 1920ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் 16 அல்லது 18 ஆக அது உயர்ந்தது. சிறுமியரைச் சீரழிக்கும் ஆண்களைத் தண்டிப்பதே இயக்கத்தின் நோக்கம். ஆனால் மேரி ஓடம் கலிஃபோர்னியாவின் நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு 1995இல் வெளியிட்ட ஆய்வு, அச்சட்டங்கள் நடைமுறையில் சிறுமியரின் நடத்தையையும் கண்காணிக்கும் கருவிகளாயின என்பதை நிறுவியது. சான்று கூற வந்த சிறுமியே தடுப்பு இல்லத்தில் வைக்கப்படும் நிலை உருவாயிற்று.

1899ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலச் சட்டத்தின்வழிச் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியது. ஜூலியா லாத்ரப், லூசி ஃபிளவர், ஜேன் ஆடம்சு முதலிய பெண் சீர்திருத்தவாதிகள் இதன் பின்னணியில் நின்றனர். சிறாரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் உதவி வேண்டுவோராகப் பார்க்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையின் பயன் இருபாலார்க்கும் ஒத்ததாக அமையவில்லை. ஸ்டீவன் ஷ்லாஸ்மன், ஸ்டெஃபனி வாலக் ஆகியோர் 1978இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 1899 முதல் 1909 வரை சிகாகோ நீதிமன்றத்திற்கு வந்த சிறுமியருள் ஏறத்தாழ பாதிப்பேர் சீர்திருத்த நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிறுவருள் ஐந்தில் ஒரு பங்கினரே அங்ஙனம் அனுப்பப்பட்டனர். 1850 முதல் 1910 வரை பத்தாண்டுக்குச் சராசரியாக 5 பெண்கள் சீர்திருத்தப் பள்ளிகள் தோன்றின. 1910க்கும் 1920க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டும் 23 பள்ளிகள் தோன்றின எனவும் அவர்கள் காட்டினர்.

சிறுவன் திருடினான் என்றும் சிறுமி கெட்டுவிட்டாள் என்றும் வழக்குகள் பதிவாயின. 'திருத்தமின்மை', 'ஒழுக்கக்கேடு', 'அடங்காமை' ஆகிய சொற்களுக்குச் சட்டத்தில் துல்லியமான வரையறை இல்லை. சிறுமியின் உடலே சான்றாகக் கொள்ளப்பட்டது. மெடா செஸ்னி-லிண்ட் ஹொனலூலு குடும்ப நீதிமன்ற ஆவணங்களை ஆராய்ந்து 1973இல் எழுதிய கட்டுரை இதற்குத் தக்க சான்று. அங்கு வீட்டைவிட்டு ஓடியமை போன்ற பாலியல் தொடர்பற்ற காரணங்களுக்காக வந்த சிறுமியர்க்கும் மருத்துவ உடற்பரிசோதனை பேரளவில் ஆணையிடப்பட்டது; சிறுவர்க்கு அது அரிதாகவே நிகழ்ந்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களைப் பால்வினை நோயினின்று காத்தல் என்னும் பெயரில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தடுத்துவைக்கப்பட்டனர். இனமேம்பாட்டுக் கொள்கை செல்வாக்குப் பெற்றபின் அடைப்பு உடலின்மீதான வன்முறையாகவும் விரிந்தது. கான்சாசு மாநிலத்தின் பெலாய்ட் பெண்கள் தொழிற்பள்ளியில் அறுபதுக்கும் மேற்பட்ட சிறுமியர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டமை 1937இல் பொதுவெளிக்கு வந்து பெருஞ்சர்ச்சைக்கு உள்ளானது.

நிறவேற்றுமையும் இரட்டை நிறுவனங்களும்

மேற்கூறிய 'பாதுகாப்பு' எல்லாச் சிறுமியர்க்கும் ஒன்றுபோல் வழங்கப்படவில்லை. தென்மாநிலங்களில் வெள்ளையினச் சிறுமியர்க்குச் சீர்திருத்தப் பள்ளிகள் கட்டப்பட்ட காலத்தில், கறுப்பினச் சிறுமியர் வயதுவந்தோர் சிறைகளிலேயே அடைக்கப்பட்டனர். வெள்ளையினச் சிறுமி திருந்தக்கூடியவள், கறுப்பினச் சிறுமி அத்தகையள் அல்லள் என்னும் எண்ணம் இதன் அடியில் இருந்தது.

இந்நிலையை மாற்றக் கறுப்பினப் பெண்கள் தாமே நிறுவனங்களை எழுப்பினர். வர்ஜீனியா மாநிலக் கறுப்பினப் பெண்கள் மன்றங்களின் கூட்டமைப்பு திரட்டிய நிதியைக்கொண்டு, ஜேனி போர்ட்டர் பாரெட் 1915இல் கறுப்பினச் சிறுமியர்க்கான தொழிற்பள்ளியை நிறுவினார். வடகரோலினாவில் 1918இல் தொடங்கப்பட்ட சமர்க்கண்டு மேனர் வெள்ளையினச் சிறுமியர்க்கு உரியதாகவும் மாநில நிதி பெறுவதாகவும் இருந்தது. அதே மாநிலத்தில் சார்லட் ஹாக்கின்ஸ் பிரௌனின் தலைமையில் கறுப்பினப் பெண்கள் 1925இல் தொடங்கிய எஃப்லண்டு இல்லம் போதிய அரசு நிதியின்றி 1930களின் இறுதியில் மூடப்பட்டது.

வெள்ளையினச் சிறுமியர் பெற்ற நிறுவனமும் இனியதாக இல்லை. 1931இல் சமர்க்கண்டில் தீவைத்ததாக 16 சிறுமியர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தீவைத்தல் அக்காலத்தில் அம்மாநிலத்தில் மரணதண்டனைக்குரிய குற்றம். நெல் பேட்டில் லூயிஸ் என்னும் பெண் வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடி, பள்ளியில் நிலவிய கடுந்தண்டனைகளை நீதிமன்றத்தில் வெளிப்படுத்தினார். மரணதண்டனை விலகிற்று, எனினும் சிறுமியருள் பெரும்பாலோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் 1904 முதல் 1975 வரை இயங்கிய பெண்கள் பயிற்சிப் பள்ளியின் வரலாறு மற்றொரு சான்று. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், தாயை இழந்தபின், அடங்காதவர் என்னும் வகையில் 1933இல் அங்கு அனுப்பப்பட்டார். கறுப்பினச் சிறுமியர் தனிக் குடில்களில் ஒதுக்கப்பட்டிருந்தனர். அவர் அங்கிருந்த செய்தி அவர் மறைவிற்குப்பின் 1996இல்தான் நியூயார்க் நாளிதழ் வாயிலாகப் பரவலாக அறியவந்தது. புகழ்பெற்ற ஒருவரின் வாழ்விலேயே இப்பகுதி அறுபதாண்டுக்கு மேல் மறைந்திருந்ததெனின், பெயரறியாச் சிறுமியரின் வரலாறு எத்துணை மறைந்திருக்கும் என்பதை ஆய்வாளர் எண்ணுதல் தகும்.

உரிமை நோக்கிய திருப்பம்: 1967–1974

1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கால்ட் வழக்கில் வழங்கிய தீர்ப்பு கிரௌஸ் தருக்கத்தின் அடித்தளத்தை அசைத்தது. நிறுவனத்தின் பெயர் எதுவாயினும் அங்கு அடைக்கப்படுவது விடுதலையை இழப்பதே என அது ஏற்றது. குற்றச்சாட்டை அறியும் உரிமை, வழக்கறிஞர் உரிமை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கெதிராகச் சான்று கூறாதிருக்கும் உரிமை ஆகியன சிறார்க்கும் உண்டென அறிவித்தது. ஆயினும் இவ்வுரிமைகள் குற்றச்சாட்டு வழக்குகளுக்கே உரியனவாக அமைந்தன. வயதுநிலை மீறல் வழக்குகள் இத்தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நின்றன. சிறுமியரின் வழக்குகளில் கணிசமானவை அவ்வகையினவாதலின், உரிமைப் புரட்சியின் பயன் அவர்களை முழுமையாக எட்டவில்லை.

நியூயார்க் சட்டம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கண்காணிப்பு வேண்டும் நபர் எனச் சிறுவனை 16 வயதுவரையிலும் சிறுமியை 18 வயதுவரையிலும் அறிவிக்க அச்சட்டம் இடமளித்தது. 1972இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வேறுபாடு அரசியலமைப்பின் சமத்துவப் பாதுகாப்புக்கு முரணானது எனத் தள்ளியது. இதே காலத்தில் மாசசூசெட்சில் ஜெரோம் மில்லர் என்னும் ஆணையர் மாநிலப் பயிற்சிப் பள்ளிகளை மூடி, சிறாரைச் சமூகம்சார் திட்டங்களுக்கு மாற்றினார்.

1974இல் இயற்றப்பட்ட சிறார் நீதி மற்றும் குற்றத்தடுப்புச் சட்டம் இத்திருப்பத்தின் உச்சம் எனலாம். கூட்டாட்சி நிதி பெறும் மாநிலங்கள் வயதுநிலை மீறல் செய்த சிறாரைப் பூட்டிய நிலையங்களில் அடைக்கலாகாது என்பது அதன் முதன்மை நிபந்தனை. வீட்டைவிட்டு ஓடிய சிறார்க்கான தங்குமிடங்களுக்கு நிதி வழங்கும் பகுதியும் அதில் இடம்பெற்றது. சட்டத்தில் சிறுமியர் என்னும் பிரிவு முதன்மை பெறவில்லை. ஆனால் அதன் பயன் அவர்களுக்கே கூடுதலாகக் கிட்டியது. அடைப்பின் காரணத்தையே கேள்விக்குள்ளாக்கிய முதல் தேசியச் சட்டம் இது.

பக்கவழிகள்: 1980க்குப் பின்

அடைப்பு மூன்று பக்கவழிகளில் மீண்டும் நுழைந்தது.

முதலாவது, நீதிமன்ற ஆணை விதிவிலக்கு. நீதிபதிகளின் வற்புறுத்தலால் 1980இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டைவிட்டு ஓடிய சிறுமியை அதற்காக அடைக்க இயலாது. ஆனால் 'ஓடக்கூடாது' என நீதிபதி ஆணையிட்டு, அவள் மீண்டும் ஓடினால், நீதிமன்ற ஆணையை மீறியதற்காக அடைக்கலாம். செயல் ஒன்றே, அதன் சட்டப்பெயர் மட்டும் மாறியது.

இரண்டாவது, குடும்பச் சச்சரவைத் தாக்குதல் குற்றமாகப் பதிதல். குடும்ப வன்முறைக்கெதிராக 1980களிலும் 1990களிலும் இயற்றப்பட்ட கட்டாயக் கைதுச் சட்டங்கள் மனைவியரைக் காக்க எழுந்தவை. தாய்க்கும் மகளுக்கும் இடையிலான கைகலப்பிலும் அவை பயன்படலாயின. முன்னர் 'அடங்காமை' எனப் பதியப்பட்ட நிகழ்வு பின்னர் 'தாக்குதல்' எனப் பதியப்பட்டது. சிறுமியர் வன்முறையாளராகி வருகின்றனர் என ஊடகங்கள் எழுதின. கூட்டாட்சி நீதித்துறை அமைத்த சிறுமியர் ஆய்வுக்குழு இக்கூற்றை ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட அறிக்கையில், கைதுகள் பெருகியதற்குச் சிறுமியரின் நடத்தை மாற்றத்தைவிடக் காவல்துறை நடைமுறை மாற்றமே பெரிதும் காரணம் எனச் சுட்டியது.

மூன்றாவது, பள்ளி. சிறு மீறலுக்கும் கடுந்தண்டனை என்னும் கொள்கையும் பள்ளி வளாகத்தில் காவலர் இருத்தலும் வகுப்பறைச் சிக்கல்களை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றன. கறுப்பினச் சிறுமியர் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதை மோனிக் மோரிசு 2016இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது.

இடையில் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுமியர்க்கெனத் தனித் தேவைகள் உண்டென ஏற்று, அவற்றுக்கேற்ற திட்டங்களை வகுக்க மாநிலங்களை ஊக்குவித்தது. இதன் விளைவு இருவகைத்து. சிறுமியரின் மனக்காயம், கருவுற்ற நிலை, தாய்மை முதலியன முதன்முறையாகக் கவனம் பெற்றன. அதேவேளை, சிறுமியர்க்கேற்ற நிலையம் ஒன்று இருப்பதே அங்கு அவர்களை அனுப்பக் காரணமாகும் இடரும் எழுந்தது. வெளியில் இல்லாத மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் உள்ளே கிடைக்குமெனில், நல்லெண்ணமுடைய நீதிபதியும் அடைப்பையே தேர்வார். லங்காஸ்டரில் ஏழைப் பெற்றோர் எதிர்கொண்ட நிலை இங்கு வேறுருவில் திரும்பியது.

பாதிக்கப்பட்டோர் குற்றவாளியாதல்

2015இல் மனித உரிமை அமைப்புகளும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரி மையமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, பாலியல் வன்கொடுமைக்கும் சிறுமியர் அடைப்புக்கும் உள்ள தொடர்பை முன்வைத்தது. அவ்வறிக்கை எடுத்துக்காட்டும் தென்கரோலினா ஆய்வில் சிறார் நீதியமைப்பிலிருந்த சிறுமியருள் 81 விழுக்காட்டினர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். இதன் இயக்கம் எளிதில் விளங்குவது. வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் சிறுமி வீட்டைவிட்டு ஓடுகிறாள், ஓடியமை மீறலாகிறது, தெருவில் பிழைக்கச் செய்யும் செயல் குற்றமாகிறது, அடைக்கப்பட்டபின் ஆடை களைந்து சோதித்தல், தனியறை அடைப்பு ஆகியன பழைய காயத்தைப் புதுப்பிக்கின்றன.

பாலியல் வணிகத்தில் சிக்கிய சிறுமியர் நிலை இம்முரணின் உச்சம். சட்டப்படி இசைவு தர இயலாத வயதினள் விபசாரக் குற்றத்திற்காகக் கைதாவது எங்ஙனம்? 2010இல் டெக்சாசு உச்ச நீதிமன்றம் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், இசைவு தரும் தகுதியற்றவரை அக்குற்றத்திற்கு ஆளாக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 2008இல் நியூயார்க் மாநிலம் இத்தகையோரைக் குற்றவாளியாகக் கருதாது பாதிக்கப்பட்டோராகக் கருதும் சட்டத்தை இயற்றியிருந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எனினும் சில இடங்களில் 'அவளது பாதுகாப்புக்காக' என்னும் பழைய காரணத்தின்பேரில் தடுத்துவைத்தல் தொடர்ந்தது.

2018 டிசம்பரில் சிறார் நீதிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. 1980ஆம் ஆண்டு விதிவிலக்கை அது முற்றாக நீக்கவில்லை. எழுத்துவடிவிலான காரணங்களை வேண்டியும், அடைப்பை 7 நாள்களுக்கு வரையறுத்தும் அதனைச் சுருக்கியது. கருவுற்ற சிறுமியர்க்கு விலங்கிடுவதைக் கட்டுப்படுத்தும் விதியும் அதில் இடம்பெற்றது.

ஹவாய்: எண்ணிக்கை பூச்சியமான நிலை

ஒருநாள் கணக்கெடுப்பின்படி அமெரிக்கச் சிறார் நிலையங்களில் 2000இல் ஏறத்தாழ 1,09,000 பேர் இருந்தனர். 2020இல் ஏறத்தாழ 25,000 பேர். இப்பெருவீழ்ச்சி சிறுமியரின் எண்ணிக்கையையும் பல மாவட்டங்களில் ஓரிலக்கத்திற்குக் கொண்டுவந்தது. சிலர் மட்டுமே எஞ்சியபோது, அவர்களை ஒவ்வொருவராக அறிந்து மாற்றுவழி காணல் இயலும் என்னும் எண்ணம் தோன்றியது. வீரா நிறுவனம் 2017இல் தொடங்கிய சிறுமியர் அடைப்பு ஒழிப்பு முயற்சி இவ்வெண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது.

ஹவாயில் சீர்திருத்தப் பள்ளி முடியாட்சிக் காலத்திலேயே, 1865இல் தொடங்கப்பட்டது. அடைக்கப்பட்டோருள் ஹவாய்ப் பூர்வகுடியினர் தம் மக்கள்தொகை விகிதத்திற்கு மிஞ்சிக் காணப்படுவது அங்கு நெடுங்காலச் சிக்கல். செஸ்னி-லிண்ட் 1973இல் ஆராய்ந்த அதே ஹொனலூலு நீதிமன்றத்தில், 2004இல் நீதிபதி கேரன் ரேடியசு முயற்சியால் சிறுமியர் நீதிமன்றம் என்னும் தனி அமர்வு உருவானது. சிறுமியரும் குடும்பத்தினரும் ஒரே நீதிபதியைத் தொடர்ந்து சந்திக்கும் முறை அங்கு அமைந்தது. 2014ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் சிறு குற்றங்களுக்காக நிலையத்திற்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்திச் சமூகம்சார் திட்டங்களுக்கு நிதியளித்தது. 2018இல் கைலுவா ஊரிலுள்ள நிலைய வளாகம் கவைலோவா இளையோர் குடும்ப நலமையமாக விரிவாக்கம் பெற்றது; வீடற்ற இளையோர்க்கான தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் அவ்வளாகத்தில் இடம்பெற்றன. 2022 ஜூனில் ஹவாய் இளையோர் சீர்திருத்த நிலையத்தில் ஒரு சிறுமியும் இல்லாத நிலை அதன் வரலாற்றில் முதன்முறையாக ஏற்பட்டது.

இச்செய்தியை மதிப்பிடுங்கால் இரு வரையறைகள் வேண்டும். இப்பூச்சியம் நீதிமன்ற ஆணைப்படி நெடுங்காலம் அடைக்கும் நிலையத்தைக் குறித்தது. விசாரணைக்காலத் தடுப்பு இல்லம் தனியே இயங்குகிறது. மேலும் ஒரு நாளின் பூச்சியம் நிலைபெற்ற பூச்சியமன்று. மாற்றுவழிகளுக்கான நிதி தொடர்ந்தால்தான் அது நீடிக்கும்.

மதிப்பீடு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, சிறுமியர் அடைப்பில் 'பாதுகாப்பு' என்னும் காரணத்திற்கு இயல்பான எல்லை இல்லை. தண்டனை குற்றத்தின் அளவால் வரையறுக்கப்படும். பாதுகாப்போ இடர் நீங்கும்வரை நீளும். இடர் நீங்கியதா என முடிவு செய்பவர் காப்பாளரே. அடைக்கப்பட்டவளுக்கு அம்முடிவில் குரலில்லை.

இரண்டாவது, பெயரை மட்டும் மாற்றிய சீர்திருத்தங்கள் நிலைக்கவில்லை. புகலில்லம், தொழிற்பள்ளி, பயிற்சிப் பள்ளி, சிறப்பு நிலையம் என வந்த ஒவ்வொன்றும் முந்தையதன் குறைகளைக் கண்டித்தே எழுந்தது; ஆனால் வெளியேற இயலாமை என்னும் தன்மை எல்லாவற்றிலும் தொடர்ந்தது. அடைப்பின் காரணத்தைத் தொட்ட சீர்திருத்தங்களே எண்ணிக்கையைக் குறைத்தன. 1974ஆம் ஆண்டுச் சட்டமும் பாலியல் வணிகத்திற்கு ஆளானோரைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய சட்டங்களும் இவ்வகையின.

மூன்றாவது, காரணத்தை நீக்கினாலும் தேவை எஞ்சுகிறது. வீடு பாதுகாப்பற்றதாக உள்ள சிறுமிக்கு இரவு தங்க ஓர் இடம் வேண்டும். அவ்விடம் பூட்டில்லாததாகச் சமூகத்தில் கிடைக்காதவரை, நீதிபதியின் கை பூட்டிய இடத்தை நோக்கியே நீளும். ஹவாயின் அனுபவம் சட்டக் கட்டுப்பாட்டையும் மாற்று ஏற்பாட்டையும் ஒருங்கே கொண்டிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

மாற்றுக் கருத்து ஒன்றும் உண்டு. கடுங்குற்றம் இழைத்த சிறுமியர் மிகச் சிலரேனும் உளர்; அவர்களுக்குப் பூட்டிய நிலையம் இன்றியமையாதது என்பர். இவ்வாதத்தை முற்றாகத் தள்ள இயலாது. ஆனால் அச்சிலருக்கென வைக்கப்படும் படுக்கைகள், வேறு காரணத்திற்காக வரும் பலரால் நிரப்பப்பட்டதே இதுவரை நாம் கண்ட வரலாறு. ஆகவே விதிவிலக்கை ஏற்போர் அதன் எல்லையைச் சட்டத்தில் எழுதவும் கடமைப்பட்டவராவர்.

முடிவுரை

கிரௌஸ் வழக்கில் தந்தை எழுப்பிய வினா, குற்றம் மெய்ப்பிக்கப்படாத மகளை அடைக்க அரசுக்கு உரிமை உண்டா என்பது. சிறுவர்க்கு அவ்வினாவுக்குரிய விடை 1967இல் பெரும்பகுதி கிடைத்தது. வயதுநிலை மீறலின்பேரில் அடைக்கப்படும் சிறுமியர்க்கு, 2018ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும், முழு விடை கிடைக்கவில்லை.

சிறார் நிலையங்களை ஆராய்வோர் எத்தனைபேர் அடைக்கப்பட்டனர் என்னும் கணக்கோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவரும் எக்காரணத்தின்பேரில் அடைக்கப்பட்டனர், அக்காரணம் சிறுவர்க்கும் அவ்வாறே பொருந்தியதா என்பவற்றையும் ஆவணங்களினின்று பிரித்துக் காண வேண்டும். செஸ்னி-லிண்ட், பிரென்செல், ஓடம் ஆகியோரின் ஆய்வுகள் நீதிமன்ற, நிறுவனப் பதிவேடுகளைக் கொண்டே இதனைச் செய்து காட்டின. இந்தியச் சூழலில் சிறார் இல்லங்களின் பதிவேடுகளை இதே வினாவுடன் அணுகும் ஆய்வுகளுக்கு அம்முறை பயன்படும்.